பிளேட்லெட் 38,000: கோளாறு நாயிடமா, ட்யூபிலா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். எங்கள் 4 வயது லேப்ரடாருக்கு வழக்கமான இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 38,000, எம்.சி.எச்.சி. 39.5 என்று வந்திருக்கிறது. நாய் நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடுகிறது. உண்ணிக் காய்ச்சல் மாத்திரை தொடங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 38,000 என்பது மெஷின் எண்ணிச் சொன்னது. ஸ்மியரை (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தேய்த்த இரத்தத்தை) யாராவது மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்களா என்று முதலில் லேபில் கேளுங்கள்.

நாய்களுக்குச் சாதாரணமாக மைக்ரோலிட்டருக்கு 2 முதல் 5 லட்சம் பிளேட்லெட் இருக்கும். நரம்பு கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்தினாலோ, இரத்தம் உறையாமலிருக்க மருந்து போட்ட ஊதா மூடி ட்யூபை உடனே கலக்காமல் விட்டாலோ அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தத் திரளை மெஷின் பிளேட்லெட் கணக்கில் சேர்க்காது. சில நேரம் வெள்ளணு என்றுகூட எண்ணிவிடும்.

ஸ்மியரின் மெல்லிய கடைசி ஓரத்தில்தான் திரள்கள் ஒதுங்கும். அங்கே அவை தென்பட்டால் 38,000-ஐ மறந்துவிடலாம். இல்லையென்றால், அணுக்கள் ஒற்றை அடுக்காகப் பரவிய பகுதியில், 100 மடங்கு ஆயில் லென்ஸில் 10 இடங்களில் பிளேட்லெட்டை எண்ணி, சராசரியை 15,000-ஆல் பெருக்க வேண்டும். சராசரி 14 என்றால் 2,10,000, கவலையில்லை. 2 அல்லது 3 என்றால் குறைவு நிஜம்தான்.

எம்.சி.எச்.சி. (சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினின் அடர்த்தி) 39.5-ம் சந்தேகத்துக்குரியதே. சிவப்பணுவுக்குள் அவ்வளவு ஹீமோகுளோபின் அடங்காது. சிவப்பணுக்களின் விகிதம் பார்க்கும் பி.சி.வி. குழாயைச் சுழற்றியதும் மேலே நிற்கும் பிளாஸ்மாவைப் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். பால்போல் வெளுத்திருந்தால் கொழுப்பு. காலையில் நெய்ச்சோறு போட்டுவிட்டு அழைத்துப்போனால் இப்படித்தான் வரும். சிவந்திருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன. ஊசியில் உடைந்ததா, உடம்புக்குள்ளேயா என்பதை டாக்டர்தான் பிரித்தறிய வேண்டும். ஈறு வெளுப்பும் சிறுநீர் கறுப்பும் இருந்தால் உண்ணியால் பரவிச் சிவப்பணுவை உடைக்கும் பபீசியா கிருமியையும் சந்தேகிப்பார்.

மறுபடி எடுக்கும்போது 12 மணி நேரம் உணவு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். கழுத்து நரம்பில் ஒரே குத்தில் எடுத்து, ட்யூபைக் கோடுவரை நிரப்பி, குலுக்காமல் 8-10 முறை கவிழ்த்து நிமிர்த்தச் சொல்லுங்கள். ஸ்மியரை அங்கேயே போட்டுவிடுவது நல்லது.

அப்போதும் குறைவாக இருந்தால் உண்ணிக் காய்ச்சல் கிருமியான எர்லிக்கியாவுக்கு பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவையே தேடும் பரிசோதனை) பாருங்கள். வெளியே தெரியாமலே அது உடம்பில் இருக்கும். கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் கிட் பாசிட்டிவ் என்றால் என்றோ கிருமி பட்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். உண்ணிக் காய்ச்சல் மாத்திரையான டாக்ஸிசைக்ளினை முன்பே கொடுத்துவிட்டால் பி.சி.ஆர். பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். இப்போதைக்கு வேண்டாம் என்பது இதனால்தான்.

ஈறிலோ வயிற்றிலோ சிவப்புப் புள்ளிகள், மூக்கில் இரத்தம், தார்போல் கறுத்த மலம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.