கொரோனா காலத்தில் உழைத்தவர்களுக்குச் சுவரோவியம், சிலை என்று வைப்பதால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. ஆனால் அங்கே நிற்பது யார் என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது பெயிண்ட் செலவுதான். அப்படி ஒரு சுவரை வரைந்தவனும் நான், பிறகு அதன்மேல் வெள்ளையடித்தவனும் நான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம் என்றாலும் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ்தான். எனக்குத் தொழில் போர்டு எழுதுவது. இரண்டு மொழியிலும் எழுதுவேன். 2021இல் இரண்டாவது அலை அடங்கியதும் கிளப் பையன்கள் வந்து, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மதிலில் ‘கொரோனா வீரர்கள்’ வரையச் சொன்னார்கள். மாதிரிப் படமும் வாட்ஸ்அப்பில் வந்தது: வெள்ளைக் கோட்டு டாக்டர், நர்ஸ், போலீஸ், நடுவில் பூமி உருண்டை. நூல் பிடித்துக் கட்டம் போட்டு நாலு நாளில் முடித்தேன். எல்லார் முகத்திலும் மாஸ்க். எனக்கு அது வசதி, மூக்கும் வாயும்தானே எப்போதும் சொதப்பும்.

நாலாம் நாள் எங்கள் வார்டு ஆஷா அக்கா வந்து நின்று பார்த்தார். ஆஷா என்பது அவர் பெயர் இல்லை, வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களை அப்படித்தான் சொல்வோம். “நல்லாருக்குது தம்பி. இதுல நான் யாரு?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், எனக்குத்தான் பதில் வரவில்லை. வேலந்தாவளம் செக்போஸ்ட்டை அடைத்திருந்த நாட்களில், கோயம்புத்தூரில் வாங்கும் அப்பாவின் சர்க்கரை மாத்திரையை யார் யாரிடமோ சொல்லி வரவழைத்து, திண்ணையில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று குரல் கொடுத்தவர் அவர். கையில் எப்போதும் ஒரு நீள நோட்டு இருக்கும். எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்குக் காய்ச்சல், யார் எல்லை தாண்டி வந்தது எல்லாம் அதில் இருக்கும். மழைக்கு நனையாமல் அதைத் துணிக்கடைக் கவரில் சுற்றி வைத்திருப்பார். நான் அந்த நோட்டை வரைந்திருக்க வேண்டும். வரைந்தது ஸ்டெதஸ்கோப்.

இங்கிலாந்தில், முகம் காட்டாமல் சுவரில் வரையும் ஓவியர் பாங்க்சி 2020 மே மாதம் சவுத்தாம்ப்டன் ஆஸ்பத்திரிக்கு ஒரு படம் கொடுத்தார். அதில் ஒரு பையன் பேட்மேன், ஸ்பைடர்மேன் பொம்மைகளைக் கூடையில் போட்டுவிட்டு நர்ஸ் பொம்மையை வைத்து விளையாடுவான். அடுத்த மார்ச்சில் அது ஏலத்தில், கட்டணமும் சேர்த்து, சுமார் 1.67 கோடி பவுண்டுக்குப் போனது. ஏலத்தில் வந்த பணம் அரசு மருத்துவத்துறை சார்ந்த தொண்டுகளுக்கு. சரி, அந்தப் படம் காசாவது கொண்டுவந்தது. இங்கே 2020 மே 3ஆம் தேதி ஆஸ்பத்திரிகள் மேல் ஹெலிகாப்டரில் பூத்தூவினார்கள். 2025 பிப்ரவரியில் கேரள ஆஷாக்கள் மாத ஊதியம் 7,000 ரூபாயை 21,000 ஆக்கச் சொல்லித் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். ஐம்பதாவது நாள் தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள்.

நம்மவர்கள் கொள்ளைநோய்க்கே கோயில் கட்டியவர்கள். கோவையில் பிளேக் மாரியம்மன் உண்டு. 2021இல் இருகூரில் கொரோனா தேவிக்கு ஒன்றரை அடிக் கற்சிலையும் வைத்தார்கள். பயம் அப்படி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிளேக்கில் பிணம் தூக்கியவர் பெயர் எந்தக் கோயிலில் இருக்கிறது? இத்தனைக்கும் பெயர் வெட்டுவது நமக்குப் பழக்கமில்லாத வேலை இல்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரன் கருந்தேவக்கத்தியோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்பது வரை வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷமாக அந்த நாய்க்குப் பெயர் இருக்கிறது.

எங்கள் மதில் மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. 2024 தேர்தலுக்கு ஒரு கட்சி அதை புக் செய்தது, எழுத என்னையே கூப்பிட்டார்கள். கூலி வேண்டுமே, போனேன். முதலில் வெள்ளையடித்தேன். டாக்டர் ஒரே பூச்சில் மறைந்துவிட்டார். போலீஸ்காரரின் காக்கிதான் இரண்டு பூச்சுக்கும் அடங்கவில்லை, மூன்றாவது அடித்தேன்.

அப்புறம் என் கடை ஷட்டரில் நானாகவே ஒன்று வரைந்தேன். நீள நோட்டு, துணிக்கடைக் கவர், மாஸ்க் இல்லாத முகம். மூக்கு கொஞ்சம் கோணல்தான். கீழே பெயரும் வார்டு நம்பரும் போடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இனிஷியலையும் சேர்த்து எழுதிரு தம்பி” என்றார்.