கடைசியில் வந்த காரம்

வணக்கம் ஐயா,
பழைய ஆங்கிலக் கதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ஒரு விருந்தில் புட்டிங் சாப்பிட்டு முடித்த பிறகு 'சேவரி' வருகிறது. 'காரம் வந்தது' என்று எழுதினேன். படித்துப் பார்த்த தோழி 'உப்பு வந்தது' என்று திருத்திவிட்டாள். எது சரி?
ம., கோவை

அன்புள்ள ம.,

தோழியிடம் சண்டை வேண்டாம், ஆனால் 'உப்பு வந்தது' என்றால் யாரோ ஜாடியைக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கிறது. உங்கள் காரமும் இந்த இடத்தில் நிற்காது.

இன்றைய ஆங்கிலத்தில் சேவரி என்றால் பெரும்பாலும் 'இனிப்பு அல்லாதது', அவ்வளவுதான். நம் மிட்டாய்க் கடைகளில் 'இனிப்பு, கார வகைகள்' என்று பலகை இருக்குமே, அந்தக் காரம். மிளகாயே படாத ஓமப்பொடியும் அங்கே காரம்தான். (நாக்கு ஒத்துக்கொள்ளாது, கடைக்காரர் ஒத்துக்கொள்வார்.) நொறுக்குத்தீனி பற்றிய பேச்சாக இருந்தால் உங்கள் சொல்லைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

உங்கள் கதையில் வருவது வேறு. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பெரிய விருந்து என்றால், இனிப்புக்குப் பிறகு வாயில் தித்திப்பு போக உப்பும் உறைப்புமாக ஒரு சின்னத் தட்டு வரும். கடுகு சேர்த்து உருக்கிய சீஸை ஊற்றிய ரொட்டித் துண்டு, இல்லாவிட்டால் பன்றி இறைச்சியில் சுற்றிச் சுட்ட சிப்பி. இந்தச் சிப்பிக்கு 'குதிரைமேல் தேவதைகள்' என்று பெயர்! விருந்தின் அந்தச் சுற்றுக்கே சேவரி என்று பெயர். 'காரம்' என்று எழுதினால் நம் வாசகர் மனதில் மிக்சர்தான் வரும். தட்டில் இருந்ததையே எழுதிவிடுங்கள். கதையில் சொல்லவில்லையென்றால் 'கடைசியாக உப்புச் சுவையில் ஒரு சிறு பண்டம் வந்தது' போதும்.

இன்னும் பழைய எழுத்தில் இந்தச் சொல்லுக்கு வெறும் 'ருசியான' என்றே பொருள். 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் தந்தை ஈசாக்கு மகன் ஏசாவிடம் கேட்கும் உணவுக்கு இதே சொல். தமிழ் வேதாகமம் அதை 'ருசியுள்ள பதார்த்தங்கள்' என்கிறது. அங்கே காரத்துக்கு வேலையில்லை.

அப்புறம், 'அன்சேவரி' என்று ஒரு ஆளைச் சொல்லியிருந்தால் சமையலறைப் பக்கமே போகாதீர்கள். நான் ஒருமுறை 'ருசியற்ற மனிதன்' என்று எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டது. நரமாமிசக் கதையா என்று நண்பர் கேட்டார். 'யோக்கியமில்லாத ஆள்' என்று எழுதியிருக்க வேண்டும்.

சரி, உங்கள் கதையில் அந்தத் தட்டில் என்னதான் இருக்கிறது? பார்த்து எழுதுங்கள்.