கையை எங்க வைக்கிறது?

கேள்வி: அடுத்த வாரம் முதல் தடவையா 20 பேர் முன்னாடி பிரசன்டேஷன் குடுக்கணும். ஸ்லைடெல்லாம் ரெடி, ஆனா எந்திரிச்சு நின்னா ரெண்டு கையும் யாரோடதோ மாதிரி தொங்குது. பாக்கெட்ல விட்டா திமிரா தெரியுது, கட்டிக்கிட்டா சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்கு. கையை என்னதான் பண்றது?

பதில்: நீங்க போன்ல பேசும்போது உங்க கையை என்னைக்காவது கவனிச்சிருக்கீங்களா? எதிர்ல ஆளே இருக்காது, ஆனா அது பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லாதவங்களும் பேசும்போது கையை அசைக்கிறாங்க, கேக்குறவருக்கும் பார்வை இல்லைன்னு தெரிஞ்சும் அசைக்கிறாங்கன்னு ஐவர்சன், கோல்டின்-மெடோன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1998ல எழுதினாங்க. அதாவது கை அசைவுங்கிறது பாக்குறவங்களுக்காக நாம போடுற வேஷம் மட்டும் இல்ல, யோசிக்கிறதோட சேந்தே வர்றது. அதனால இந்த வரிக்கு வலது கை, அந்த வரிக்கு இடது கைன்னு கண்ணாடி முன்னாடி மனப்பாடம் பண்ணாதீங்க, தன்னால வர்ற கை பெரும்பாலும் வார்த்தைக்கு ஒரு கணம் முன்னாடியே கிளம்பிடும், மனப்பாடம் பண்ண கை வார்த்தை முடிஞ்சப்புறம் லேட்டா வரும், பாக்குறவங்களுக்கு காரணம் சொல்லத் தெரியாது ஆனா ஏதோ பொம்மலாட்டம் மாதிரி இருக்குன்னு மட்டும் தோணும்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், கைக்கு ஒரு வீடு குடுங்க. முழங்கையை லேசா மடக்கி, வயித்துக்கு நேரா, ஒரு கை மேல இன்னொரு கை சும்மா படுத்திருக்கட்டும், இறுக்கிப் பிடிக்க வேண்டாம். தேவைப்படும்போது கிளம்பும், வேலை முடிஞ்சதும் திரும்பி வரும். பேனாவை மட்டும் கையில எடுக்காதீங்க, உங்களுக்கே தெரியாம டிக் டிக்னு அமுக்கிக்கிட்டே இருப்பீங்க (நானும் அந்த கோஷ்டிதான்).

ஒரு விஷயம் மட்டும் பிராக்டிஸ் பண்ணலாம். போன வருஷத்துல இருந்து இந்த வருஷம் வரைக்கும்னு கையால காட்டும்போது நமக்கு இடம்-வலமா போனா எதிர்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு அது வலம்-இடமா தெரியும், ஸ்லைடுல இருக்கிற கிராஃப் ஒரு பக்கம் ஏற உங்க கை இன்னொரு பக்கம் ஏறும். அதனால உங்க வலது பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. மொதல்ல குழப்பமா இருக்கும், நாலு தடவை பண்ணா பழகிடும்.

கேள்வி: நாம சொல்ற விஷயத்துல வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, பாடி லாங்குவேஜுக்கு 55ன்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க. அப்போ கன்டென்ட்டுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?

பதில்: மெனக்கெடணும். அந்தக் கணக்கு சரின்னா இந்தப் பதிலைப் படிக்கிற உங்களுக்கு 7 சதவீதம்தான் புரியணும், என் மூஞ்சியும் குரலும்தான் இங்க இல்லையே!

அது ஆல்பர்ட் மெஹ்ராபியன்ங்கிற உளவியல் பேராசிரியர் 1967ல செஞ்ச ரெண்டு ஆய்வுல இருந்து வந்த நம்பர். ஒத்தை ஒத்தை வார்த்தையை வேற வேற குரல்ல சொல்லிக்காட்டி, ஒண்ணுல முகத்தோட போட்டோவும் சேத்துக்காட்டி, சொன்னவருக்குப் பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னு கேட்டாங்க, அவ்வளவுதான். விருப்பு வெறுப்பு பத்தின பேச்சுக்குத்தான் இது பொருந்தும்னு அவரே சொல்லிட்டார், ஆனா ட்ரெயினிங் ஸ்லைடுல இருந்து அந்த நம்பரை இன்னும் யாராலயும் எடுக்க முடியல. எடுத்துக்க வேண்டியது என்னன்னா, "இந்தத் திட்டம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு"ன்னு தரையைப் பாத்து முனகினா ஜனங்க உங்க வார்த்தையை விட்டுட்டு மூஞ்சியைத்தான் நம்புவாங்க.

கேள்வி: பேச ஆரம்பிச்சா கை நடுங்குது, நெஞ்சு அடிக்கிறது எல்லாருக்கும் கேக்குமோன்னு இருக்கு. இதை எப்படி மறைக்கிறது?

பதில்: கேக்காது. நிஜமாவே கேக்காது. நம்ம உள்ள நடக்கிறதெல்லாம் வெளியில அப்படியே தெரியுதுன்னு நாமதான் நினைச்சுக்கிறோம், இதுக்கு வெளிப்படை மாயைன்னு சொல்லலாம், கிலோவிச்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும் 1998ல இதை ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்க. 2003ல சாவிட்ஸ்கியும் அவரும் இன்னொரு படி போனாங்க, பேசப்போற சிலர்கிட்ட "உங்க பதட்டம் நீங்க நினைக்கிற அளவுக்கு வெளிய தெரியாது"ன்னு முன்கூட்டியே விளக்கிச் சொல்லிட்டாங்க, அப்படிச் சொல்லப்பட்டவங்களோட பேச்சு மத்தவங்களைவிட நல்லா இருந்துச்சுன்னு கேட்டவங்களே மார்க் போட்டாங்க. மூச்சுப்பயிற்சி இல்ல, மாத்திரை இல்ல, வெறும் தகவல்தான். இப்போ உங்களுக்கும் சொல்லியாச்சு.

அதனால "மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் டென்ஷனா இருக்கேன்"னு ஆரம்பிக்காதீங்க, யாரும் கவனிக்காததை நீங்களே காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். அப்புறம் மெல்லிசான ஒத்தைப் பேப்பரை கையில வச்சுக்காதீங்க, விரல்ல இருக்கிற சின்ன நடுக்கத்தை பேப்பரோட நுனி பல மடங்காக்கிக் காட்டும். குறிப்பு வேணும்னா கெட்டி அட்டையில எழுதிக்கங்க.

கேள்வி: மேடை ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இடுப்புல கை வச்சு வீராப்பா நின்னா தைரியம் வருமாமே?

பதில்: அப்படி நின்னா ஹார்மோனே மாறி தைரியம் வரும்னு சொன்னது 2010ல வந்த ஆய்வு, அதுல ஆளுங்க 42 பேர்தான். 2015ல 200 பேரை வச்சுத் திரும்பப் பண்ணப்போ ஹார்மோன்ல ஒரு மாத்தமும் வரல, மொதல் ஆய்வை எழுதினவங்கள்ல ஒருத்தரான டானா கார்னி 2016ல எனக்கே இதுல நம்பிக்கை இல்லைன்னு அறிவிச்சுட்டாங்க. நிக்கிறதுன்னா நில்லுங்க, நஷ்டமில்ல. அந்த ரெண்டு நிமிஷத்துல உங்க மொத ரெண்டு வரியை வாய்விட்டுச் சொல்லிப்பாத்தா இன்னும் நல்லது.

கேள்வி: கண்ணைப் பாத்துப் பேசணும்ங்கிறாங்க. 50 பேர் இருந்தா யாரைப் பாக்குறது?

பதில்: ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரு ஆள். வாக்கியம் முடிஞ்சதும் அறையோட வேற மூலையில இன்னொரு ஆள். ஃபேன் காத்து மாதிரி எல்லார் மேலயும் சுத்திக்கிட்டே இருந்தா யாரையும் பாத்ததா ஆகாது. ஸ்லைடைத் திரும்பிப் பாக்கணும்னா பாருங்க, ஆனா பாக்குற நேரம் வாயைத் திறக்காதீங்க, திரும்பி வந்தப்புறம் பேசுங்க.

கேள்வி வரும்போதுதான் ரொம்ப கவனம். 1992 அக்டோபர் 15, அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்துல பார்வையாளர்ல ஒரு பெண் கேள்வி கேக்குற நேரம் பாத்து சீனியர் புஷ் தன்னோட வாட்சைப் பாத்துட்டார், கேமராவுல அப்படியே பதிவாயிடுச்சு, இத்தனை வருஷம் கழிச்சும் அந்த விவாதம்னா பலருக்கு ஞாபகம் வர்றது அந்த வாட்ச்தான். நேரம் தெரியணும்னா போனை சைலன்ட்ல போட்டு டேபிள் மேல, குனியாம கண்ணுல படுற மாதிரி சாய்ச்சு வச்சிருங்க.