விளக்கெண்ணெயில் பிறக்கும் நைலான்

கேள்வி: விளக்கெண்ணெயிலிருந்து நைலான் செய்கிறார்களாமே? அப்படியானால் பெட்ரோலியத்தை விட்டுவிட்டு எல்லா ரசாயனத்தையும் செடியிலிருந்தே எடுத்துவிடலாம் இல்லையா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: செய்கிறார்கள், அதுவும் 1950-களிலிருந்தே. பிரான்சில் தொடங்கிய நைலான்-11 அது, ரில்சான் என்ற பெயரில் விற்கிறது. லாரியின் ஏர் பிரேக் குழாய், காரில் பெட்ரோல் போகும் குழாய் இவற்றுக்கெல்லாம் பயன்படுகிறது. அதற்கு வேண்டிய ஆமணக்கு பெரும்பாலும் நம் குஜராத்தில் விளைவதுதான்.

கடலை எண்ணெயில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. ஆமணக்கு எண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம்; 18 கார்பன் கொண்ட சங்கிலி, அதன் 12-வது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தொகுதி). எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்து எஸ்டராக்கி, 500 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் நீராவியோடு விட்டால், அந்த ஹைட்ராக்சில் இருப்பதாலேயே சங்கிலி 11-க்கும் 12-க்கும் நடுவில் அறுந்துவிடும். 11 கார்பன் துண்டு நைலானுக்கு, மிச்சமுள்ள 7 கார்பன் துண்டு மல்லிகை வாசனைப் பொருள் தயாரிக்க. எவ்வளவு அழகான வேதியியல் பாருங்கள்!

ஆனால் எல்லாவற்றுக்கும் இது சரிவராது. பிரேசிலில் பிராஸ்கெம் நிறுவனம் 2010-இல் கரும்பு ஆல்கஹாலிலிருந்து எத்திலீன் (பாலித்தீனுக்கான மூலப்பொருள்) எடுக்கும் ஆலையைத் தொடங்கியது, தொடக்கத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் டன் திறன். அங்கே 46 கிலோ ஆல்கஹால் போட்டால் அதிகபட்சம் 28 கிலோ எத்திலீன்தான் வரும், ஆல்கஹாலில் உள்ள ஆக்சிஜன் ஹைட்ரஜனோடு சேர்ந்து பிரிவதால் மீதி 18 கிலோ வெறும் தண்ணீர். வயலில் பாடுபட்டு விளைந்ததில் அவ்வளவும் போய்விடுகிறது, கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாஃப்தா என்ற திரவத்தில் ஆக்சிஜன் இல்லாததால் இந்த நஷ்டமே கிடையாது. செடி பாதி வேலையை முடித்துக் கொடுக்கும் பொருள்களுக்குத்தான் முதலில் செடியிடம் போக வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: சரி, செடியிலிருந்து வந்த பிளாஸ்டிக் மண்ணில் மட்கிவிடும்தானே? (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: அப்படி இல்லை. நைலான்-11 மட்காது. கரும்பு பாலித்தீனும் மட்காது, ஏனென்றால் மூலக்கூறு அச்சு அசல் பெட்ரோலியப் பாலித்தீனேதான். பரிசோதனைக்கூடத்தில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை அளந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், செடியில் அது இருக்கும், பெட்ரோலியத்தில் இருக்காது. எனவே கடையில் பையின் மேல் ‘பயோ’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், உரமாக்கும் ஆலையில் மட்கும் என்பதற்கான ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தரக்குறிப்பு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.