கணிதத்துக்கும் உயிர்வேதியியலுக்கும் ஒரே தராசா?

கணிதத்தில் உங்கள் எச்-இண்டெக்ஸ் (மற்றவர்கள் குறைந்தது 7 தடவை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் 7 இருந்தால் அது 7) 7, உயிர்வேதியியல் நண்பருக்கு 24, பதவி உயர்வுக் குழுவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே தப்பு. துறைக்குத் துறை இது மாறும் என்று எச்-இண்டெக்ஸை உருவாக்கிய ஜார்ஜ் ஹிர்ஷே 2005 கட்டுரையில் சொல்லிவிட்டார். அதில் இயற்பியலாளர் எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிர் அறிவியலில் சாலமன் ஸ்னைடருக்கு 191. அதற்காக, கணிதத்தின் உச்ச விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய விட்டன் மட்டம் என்று யாராவது சொல்வார்களா?

கணிதத்தில் எண் குறைவாக வருவதற்குக் காரணம் உண்டு: கணிதக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் ஒன்றிரண்டு பேர்தான், மேற்கோள் பட்டியலும் சின்னது, மேற்கோள்கள் வந்து சேரவே வருடக்கணக்கில் ஆகும்.

ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் எஃப்.டபிள்யூ.சி.ஐ. (துறைக்கேற்பச் சரிசெய்த மேற்கோள் அளவு) என்ற எண்ணைப் பாருங்கள். உங்கள் கட்டுரைகளின் மேற்கோள்களை அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவது அது. 1 என்றால் உலகச் சராசரி. ஆனால் கட்டுரைகள் கொஞ்சமாக இருந்தால் ஒரே ஒரு கட்டுரை அதை எகிற வைத்துவிடும், அதனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கூகுள் ஸ்காலர், எச்-இண்டெக்ஸை ஸ்கோபஸை விடப் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும். இரண்டையும் கலக்க வேண்டாம்.

அப்புறம், உங்கள் சிறந்த மூன்று கட்டுரைகளை யார், எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு பக்கம் எழுதி இணையுங்கள். குழுவில் கணிதக்காரர் ஒருவராவது இருக்கிறாரா என்றும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.