சுவரில் செதுக்கிய கவிதைகள்

கேள்வி: சியரா நெவாடா மலையைக் குடைந்து அமெரிக்க ரயில் பாதையைப் போட்ட சீனத் தொழிலாளர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி வைத்திருக்கிறார்களா?
- வாசகர், பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கல் குவாரியின் வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்த பகுதியிலிருந்து இக்கேள்வி வந்திருப்பது மனத்தைத் தொடுகிறது. 1869இல் முடிந்த அப்பாதைக்காக 10,000க்கும் மேற்பட்ட சீனர்கள் கருங்கல்லைப் பிளந்தார்கள். வெள்ளையருக்கு இணையான கூலி கேட்டு 1867இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நிர்வாகம் உணவை நிறுத்திப் பணிய வைத்தது. அவர்கள் எழுதிய கடிதம் ஒன்றுகூட அமெரிக்காவில் இதுவரை கிடைக்கவில்லை.

எழுத்து கிடைப்பது பின்வந்தவர்களிடம்தான். 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவை அடைத்தது. 1910 முதல் 1940 வரை, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில், ஏற்கெனவே அமெரிக்காவில் இருப்பவரின் பிள்ளை, உறவினர் என்று சொல்லி வந்திறங்கிய சீனர்களை, அது உண்மைதானா என்று அறிய வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில் அடைத்துவைத்து, வீட்டு வாசலுக்கு எத்தனை படி, அரிசி வைக்கும் இடம் எது என்றெல்லாம் துருவிக் கேட்டார்கள். உறவினர் சொன்ன பதிலோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பவும் செய்தார்கள். பெற்ற மகனே படிக்கட்டின் எண்ணிக்கையைத் தவறாகச் சொல்லக்கூடும் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

அந்த ஏக்கத்தையும் சினத்தையும் அவர்கள் மரச்சுவர்களில் மரபுக் கவிதைகளாகச் செதுக்கினார்கள். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தும் அத்தடம் மறையவில்லை. இடிக்கப்படவிருந்த அக்கட்டடத்தில் 1970இல் பூங்காக் காவலர் ஒருவர் அவற்றைக் கண்டதால்தான் அவை பிழைத்தன. சீன அமெரிக்க இலக்கியத்தில் இக்கவிதைகளையே முதலில் படிக்கச் சொல்வேன். பெரும்பாலானவற்றில் எழுதியவர் பெயர் இல்லை.