பெயர் கிளாப்டன், இடம் ஃபாரஸ்ட் கேட்

மேனர் பார்க்கில் அறை எடுத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வந்து நாலு மாதம். கிழமை நாட்களில் வேர்ஹவுஸ் வேலை, சனிக்கிழமை வந்தால் அறைக்குள்ளேயே கிடக்கிறேன். ஊரில் உதைபந்தாட்டம் விளையாடின ஆள். வெஸ்ட்ஹாம் டிக்கெட் எனக்குக் கட்டாது. நான்-லீக் என்று சின்னக் கழகங்கள் இருக்காமே, அரைத் தொழில்முறை என்கிறார்களே, அது என்ன? அங்கே போனால் எங்களை எப்படிப் பார்ப்பார்கள்?"

தம்பி, உங்கள் அறையிலிருந்து நடந்தே போகலாம். அப்டன் லேனில், வெஸ்ட்ஹாம் பார்க்குக்குக் கிட்ட, ஓல்ட் ஸ்பாட்டட் டாக், அதாவது 'பழைய புள்ளி நாய்' என்று ஒரு மைதானம். இங்கிலாந்தின் பழைய கழகங்களில் ஒன்றான கிளாப்டன் 1888 இலிருந்து ஆடிய இடம். ஆனால் பெயரை நம்பிப் போகாதீர்கள். நான் போய் ஏமாந்தவன்.

2013 இல் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. கூட வேலை செய்த பெடியன் ஒருவன் "கிளாப்டன் மட்ச் நல்ல கலகலப்பு" என்று சொன்னான். சனிக்கிழமை காலை வேலை முடித்து, இரண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டு, கிளாப்டன் ஸ்டேஷனில் போய் இறங்கினேன். அது ஹக்னியில். மைதானத்தைக் காணவில்லை. கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அவர்கள் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போய் நூறு வருசத்துக்கு மேல்" என்றார். நான் குடியிருந்தது ஈஸ்ட்ஹாமில். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மைதானத்தைத் தேடி லண்டனைச் சுற்றி, இடைவேளைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

பிறகுதான் கதை விளங்கியது. 1870களின் கடைசியில் ஹக்னி டவுன்ஸ் புல்வெளியில் ஆடத் தொடங்கியவர்கள் இவர்கள். பத்து வருசம் கழித்துக் கிழக்கே நகர்ந்தார்கள், பெயரை மட்டும் விடவில்லை. தெல்லிப்பழை, காங்கேசன்துறைப் பள்ளிக்கூடங்கள் இடம்பெயர்ந்து வேறு ஊரில் அதே பெயரோடு நடந்ததுபோலத்தான். இங்கே இது புதினமில்லை. மில்வால் 1910 இல் ஆற்றைக் கடந்து தெற்கே போனது, ஆர்சனல் 1913 இல் தெற்கிலிருந்து வடக்கே வந்தது. வெஸ்ட்ஹாம்கூட 2016 இல் எங்கள் கிரீன் ஸ்ட்ரீட்டை விட்டு ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அந்தத் தெருவின் முகமே மாறிப்போனது.

மைதானத்துக்கு முன்னால் இருக்கும் பழைய மரக் கட்டடம்தான் அந்தப் பெயருக்குரிய புள்ளி நாய் மதுச்சாலை. எட்டாம் ஹென்றி அரசனின் வேட்டை நாய்களை அங்கே கட்டி வைத்திருந்தார்கள் என்று ஊர்க்கதை. கதைக்கு ஆதாரம் கேட்காதீர்கள், எங்கள் ஊர்க் கேணிக் கதைகள் மாதிரித்தான்.

சின்னக் கழகம் என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1890 இல் கடல் கடந்து போய், அன்ட்வெர்ப்பில் பெல்ஜிய அணி ஒன்றை 7-0 என்று அடித்துவிட்டு வந்தார்கள். ஐரோப்பியக் கண்டத்துக்குப் போய் ஆடிய முதல் ஆங்கிலக் கழகம் இதுதான். 1905 இல் இஸ்த்மியன் லீக்கைத் தொடங்கிய ஆறு கழகங்களில் ஒன்று, 2006 வரை அந்த லீக்கிலேயே இருந்தது. சம்பளம் வாங்காத ஆட்டக்காரரின் கழகங்களுக்கான அமெச்சூர் கப்பை ஐந்து தடவை வென்றது: 1907, 1909, 1915, 1924, 1925. அந்தக் காலத்தில் அதற்குப் பெரிய மதிப்பு.

உங்கள் அரைத் தொழில்முறைக் கேள்விக்கு இங்கேதான் பதில். அமெச்சூர் என்றால் ஒரு சதம் வாங்கக்கூடாது, போக்குவரத்துச் செலவு மட்டும்தான். சட்டம் அப்படி. நடப்பு வேறு. ஆட்டம் முடிந்து உடுப்பு மாற்றப் போனால் சப்பாத்துக்குள் காசு செருகியிருக்கும். பூட் மணி என்று சொல்வார்கள். எல்லாருக்கும் தெரியும், எவரும் வாய் திறப்பதில்லை. கடைசியில் 1974 இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாட்டையே எடுத்துவிட்டது. அமெச்சூர் கப்பும் அந்த வருசத்தோடு சரி. இப்போது நான்-லீக்கில், அதாவது மேல் நாலு டிவிஷனுக்குக் கீழே உள்ள படிகளில், பல கழகங்கள் ஆட்டக்காரருக்குச் சின்னத் தொகை கொடுக்கின்றன, அதுதான் அரைத் தொழில்முறை. சிலதில் அதுவுமில்லை. சனிக்கிழமை கோல் காப்பவர் திங்கட்கிழமை பிளம்பராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். பயிற்சி, வேலை முடிந்த பின்னேரங்களில்.

எங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்றும் கேட்டீர்கள். அதற்கு வால்டர் டல்லைச் சொல்ல வேண்டும். 1888 இல் ஃபோக்ஸ்டனில் பிறந்தவர், தகப்பன் பார்படோஸ்காரர். சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் தவறிவிட, பெத்னல் கிரீன் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். 1908 இல் கிளாப்டன் அவரை எடுத்தது. 1909 இல் அமெச்சூர் கப் வென்றது அந்த அணிதான். ஒரே பருவம், அதற்குள் டொட்டன்ஹாம் கூப்பிட்டுவிட்டது. அங்கே முதல் டிவிஷனில் ஆடும்போது, பிரிஸ்டலில் கூட்டம் அவர் நிறத்தைச் சொல்லிக் கத்தியதைப் பத்திரிகையே கண்டித்து எழுதியது. பிறகு நார்தாம்டனுக்கு நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடினார், போர் வந்ததும் படையில் சேர்ந்தார். கறுப்பினத்தவர் அதிகாரியாக வருவதற்கு விதியே இடம் கொடுக்காத காலத்தில் 1917 இல் அதிகாரியானார். 1918 மார்ச் 25 இல் பிரான்சில் சுடப்பட்டு இறந்தார். உடல் கிடைக்கவில்லை. இந்த அயலில் இருபது வருசம் இருக்கும் எங்கள் ஆட்கள் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

நான் போன காலத்தில் மைதானத்தின் ஒரு கரையில் சாரக் குழாய்களைப் பொருத்தி, மேலே தகரம் போட்ட கொட்டில் ஒன்று இருந்தது. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. அதற்குள்தான் கொடியும் மேளமுமாக இளம் ஆதரவாளர் கூட்டம் நிற்கும். இனவாதப் பேச்சு, பெண்களை இழிவுபடுத்தும் பேச்சு இரண்டுக்கும் அங்கே இடமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள். ஒரு சிலர் மட்டுமே நின்று பார்த்த ஆட்டத்துக்கு நூற்றுக்கணக்கில் ஆள் வந்தது இவர்களால்தான். முதல் நாள் நான் ஒதுங்கித்தான் நின்றேன். மூன்றாம் கிழமை கொடியின் ஒரு முனையை என் கையில் தந்துவிட்டு ஒருத்தன் தேத்தண்ணி வாங்கப் போனான். அவ்வளவுதான் அறிமுகம். என்ன விசா, எப்போது வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் போனால் முதல் கேள்வியே அதுதானே!

பிறகு கழகத்தை நடத்தியவருக்கும் ஆதரவாளருக்கும் ஒத்துவரவில்லை. உள்ளே போகாமல் புறக்கணித்தார்கள். 2018 இல் தாங்களே ஒரு கழகம் தொடங்கினார்கள், கிளாப்டன் கம்யூனிட்டி. முதலாளி இல்லை. சந்தா கட்டினால் அங்கத்தவர், ஆளுக்கு ஒரு வாக்கு. மைதானம் இல்லாததால் வால்தம்ஸ்டோவில் போய் ஆடினார்கள், அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'கட்டாக்காலி நாய்'. வெளி ஆட்டங்களுக்கு, 1930களில் பாசிசத்தை எதிர்த்துப் போராடிய ஸ்பானியக் குடியரசின் கொடி நிறங்களான சிவப்பு, மஞ்சள், ஊதாவில் ஒரு ஜெர்சி போட்டு, கழுத்துக்குப் பின்னால் 'நோ பசரான்' என்று எழுதினார்கள். 'கடந்து வர விடோம்' என்று அர்த்தம். ஸ்பெயினில் இருந்து ஆயிரக்கணக்கில் ஓடர் வந்து குவிந்தது, பொதி கட்ட ஆளில்லாமல் திண்டாடினார்கள். 2020 இல் ஓல்ட் ஸ்பாட்டட் டாக்கை அவர்களே வாங்கிவிட்டார்கள். லண்டனில் ஒரு துண்டு நிலம் என்ன விலை போகிறதென்று யோசித்துப் பாருங்கள், அதுவும் வீடு கட்டுகிறவர்கள் கண் வைக்கும் இடத்தில். பெண்கள் அணியும் உண்டு. 2021-22 பருவத்தில் அவர்கள் பெண்கள் எஃப்.ஏ. கப்பின் மூன்றாம் சுற்றுவரை போனார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன விசயம்தான். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் பொதுவான வழக்கம். அந்த நேரத்து பிரீமியர் லீக் ஆட்டம் இந்த நாட்டு டிவியில் நேரலையாக வராது. சின்னக் கழகங்களின் வாசலில் ஆள் குறையக்கூடாது என்று 1960களில் இருந்து இருக்கும் ஏற்பாடு அது. ஆகவே அறைக்குள் இருந்தாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. டிக்கெட்டுக்குப் போகும் காசு வெஸ்ட்ஹாமோடு ஒப்பிடவே முடியாதது. இடைவேளையில் எல்லாரும் எழும்பி மற்றப் பக்கக் கோலுக்குப் போவார்கள், தங்கள் அணி அடிக்கப்போகும் பக்கம் நிற்க. நீங்களும் கூடப் போங்கள், கதை தானாக வரும்.

ஆட்டம் தரமாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சில நாள் பாசையூர், நாவாந்துறைப் பெடியள் இதைவிட நன்றாக அடிப்பார்கள் என்று தோன்றும். தோன்றினால் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட ஆசை என்றால் இரண்டு மூன்று கிழமை போய் முகம் பழகிய பிறகு பயிற்சி பற்றிக் கேளுங்கள். அதற்கு முன்னால் கோடு போட, வலை கட்ட, தேத்தண்ணிக் கடையில் நிற்க ஆள் தேடுவார்கள். இப்படியான கழகங்களில் அதற்கு எப்போதும் ஆள் காணாது. நான் நாலு பருவம் வலை கட்டியிருக்கிறேன், குளிரில் விரல் விறைத்துக் கொக்கி மாட்டாமல் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. கையுறை கொண்டுபோங்கள். சம்பளத்தில் புதிதாக வாங்கிய வெள்ளைச் சப்பாத்து இருந்தால் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், அங்கே கரையெல்லாம் சேறு.